பல்செட்டைக் கையில் கொடுக்கும் அன்று: நெல்லைச் சீமைப் பல் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். முக்கூடலில் பீடி சுற்றும் என் பெரியம்மாவுக்குக் கீழ்வரிசையில் நான்கு பற்கள் விழுந்தபின், கழற்றி மாட்டும் பல்செட் செய்து கொடுத்தார்கள். அளவு பிசகவில்லை, கடித்தால் வலிக்கவுமில்லை. வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரவில் அதைக் கழற்றிவைக்க வேண்டும் என்று அவரிடம் எவரும் சொல்லவில்லை. பேரப்பிள்ளைகள் முன்னால் பொக்கை வாயோடு இருக்கக் கூச்சப்பட்டு, இரண்டு ஆண்டுகள் இரவும் பகலும் அதைப் போட்டபடியே இருந்தார்.

ஒருநாள் நானே கழற்றிப் பார்த்தேன். செட்டை நகராமல் பிடித்திருக்கும் கம்பி கவ்வியிருந்த பல்லில், ஈறு தொடங்கும் இடத்தில், அரிசிமாவைக் குழைத்து அப்பியதுபோல மஞ்சளாக ஒரு படிவு. துணி முனையால் துடைத்தால் மேற்பகுதி வழுக்கிக்கொண்டு வந்தது, அடியில் இருந்தது காரையாக இறுகி நகத்துக்கு அசையவில்லை. தொட்டதுமே ஈறில் இரத்தம் கசிந்தது.

காரணம் நீங்கள் அறியாததல்ல. கம்பி அணைத்திருக்கும் இடத்தை நாக்கும் உமிழ்நீரும் சரிவரத் துடைக்க முடியாததால் கிருமிப் படலம் அங்கே எளிதாகத் தங்குகிறது; உமிழ்நீரின் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர அது காரையாகிறது; ஈறு இறங்கி, வெளியே தெரியும் வேர் சொத்தையாகி, தாங்கும் எலும்பும் கரைந்து பல் ஆடத் தொடங்குகிறது. செட்டுக்குத் தூண் அந்தப் பல்தான். பெரியம்மாவுக்கு அந்தத் தூணே போய்விட்டது. சர்க்கரை நோயும் இருப்பதால் ஈறு நோய் விரைவாகவே முற்றிவிட்டது.

வரிசையில் நாற்பது பேர் காத்திருக்கையில் நின்று பேச நேரமில்லை என்பது எனக்கும் தெரியும். ஆயினும் செட்டைக் கொடுக்கும் அன்று பத்து நிமிடம் ஒதுக்கி, கண்ணாடி முன் அவர்களையே கழற்றி மாட்டச் செய்யுங்கள். கம்பி பிடிக்கும் பற்களைத் தனியே தேய்க்கவும், செட்டைப் பற்பொடி போட்டுக் கீறாமல் சோப்பும் மெல்லிய பிரஷும் கொண்டு கழுவவும், கை நழுவினால் உடையாதிருக்கக் கீழே தண்ணீர்ச் சட்டி வைத்துக்கொள்ளவும், வெந்நீர் பட்டால் அது கோணிவிடும் என்றும், இரவில் தம்ளர் தண்ணீரில் போட்டுவைக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்காதவர்களிடம் தாளைக் கொடுத்துப் பயனில்லை. உடன் வந்த மகளையோ மருமகளையோ உள்ளே அழையுங்கள். ஆறு மாதம் கழித்து வரவேண்டிய தேதியையும் அன்றே குறித்துக் கொடுங்கள்; வலித்தால் வாருங்கள் என்றால், வலி வருமுன் ஈறு பாதி போயிருக்கும்.

அடுத்த வாரம் பெரியம்மாவுக்குப் புதிய செட்டுக்கு அளவெடுக்கிறார்கள். நானும் உடன் வருகிறேன். சொல்லவேண்டியதை என்னிடமும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தாமிரபரணிக் கரையிலிருந்து ஒரு மகன்