நாஷ்வில்லில் அப்பாவுக்காக வைத்திருக்கும் இடங்கள்

நாஷ்வில், டென்னசி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். உங்கள் நலனும் அம்மாவின் நலனும் அறிய ஆவல். அக்டோபரில் நீங்கள் வரும்போது இந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். சனிக்கிழமை இரவுகளில் வானொலியை விட்டு நகராமல் கச்சேரி கேட்ட உங்களுக்கு, வானொலியால் வளர்ந்த இந்த ஊர் நிச்சயம் பிடிக்கும்.

முதலில் உங்களை ரைமன் அரங்கத்துக்கு அழைத்துப் போவேன். நீராவிப் படகுகள் நடத்திச் செல்வம் சேர்த்த தாமஸ் ரைமன், ஒரு பிரசங்கியாரின் சொற்பொழிவில் மனம் மாறி, முன்னின்று கட்டிய பிரார்த்தனைக் கூடம் அது, 1892-இல் திறக்கப்பட்டது. இன்றும் நாற்காலிகள் கிடையாது. தேவாலயங்களில் உள்ளதுபோல் வளைந்து செல்லும் நீண்ட மரப்பலகைகளில்தான் எல்லோரும் நெருங்கி உட்கார வேண்டும். குளிர்சாதனம் இல்லாத அந்நாட்களில் கோடை வெக்கையில் விசிறியபடியே மக்கள் பாட்டுக் கேட்டிருக்கிறார்கள்.

‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ என்னும் கன்ட்ரி இசை (அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசை) வானொலி நிகழ்ச்சி 1943 முதல் 1974 வரை அங்கேதான் நடந்தது. ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் வானொலி நிலையம் 1925-இல் தொடங்கிய அந்த நிகழ்ச்சி இன்றும் ஒலிபரப்பாகிறது. புதிய அரங்கத்துக்கு மாறியபோது, ரைமன் மேடையிலிருந்து ஏறக்குறைய ஆறு அடி அகலத்துக்கு வட்டமாகப் பலகையை அறுத்தெடுத்து, புதிய மேடையின் நடுவே பதித்தார்கள். 2010 மே மாதம் கம்பர்லாந்து ஆறு பெருக்கெடுத்து மேடையே மூழ்கியபோதும், அந்த வட்டத்தை மீட்டுச் செப்பனிட்டு, செப்டம்பரில் மீண்டும் அதே இடத்தில் வைத்தார்கள். சுற்றியுள்ள தரையிலிருந்து அதன் நிறம் தனித்துத் தெரியும். புகழ்பெற்ற பாடகர்களும் அதன் மீது நின்று பாடுவதைப் பெரும்பேறாகக் கருதுகிறார்கள். பகல் நேரச் சுற்றில் நீங்களும் அதில் நிற்கலாம்.

கன்ட்ரி இசை அருங்காட்சியகத்தின் சன்னல்கள் பியானோக் கட்டைகள்போல் அமைந்திருக்கும். எல்விஸ் பிரெஸ்லியின் காடிலாக் கார் உள்ளே இருக்கிறது. அவர் இருநூறுக்கும் மேற்பட்ட பாடல்களைப் பதிவுசெய்த ‘ஸ்டுடியோ பி’க்கும் அங்கிருந்தே பேருந்தில் அழைத்துச் செல்கிறார்கள்.

ஆனால் 2021-இல் திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க இசை அருங்காட்சியகத்தைத் தவறவிடக் கூடாது. ஆப்ரியின் தொடக்க கால நட்சத்திரங்களில் ஒருவரான டிஃபோர்ட் பெய்லி ஒரு கறுப்பினக் கலைஞர். ஹார்மோனிகாவில் ரயில் ஓடும் ஓசையை அப்படியே எழுப்பியவர். கச்சேரிக்குப் போன ஊர்களில் தங்க அறை மறுக்கப்பட்டவர். அவருக்கு, கன்ட்ரி இசை மேதைகளைக் கௌரவிக்கும் ‘ஹால் ஆஃப் ஃபேமில்’ இடம் 2005-இல்தான், அதுவும் அவர் மறைந்த பிறகு, கிடைத்தது என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிராட்வே வீதிக்குக் காலையிலேயே போய்விடலாம். இரவுக் கூட்டமும் இரைச்சலும் அம்மாவுக்கு ஒத்துவராது. நுழைவுச் சீட்டு இல்லாமலேயே அங்குள்ள மதுக்கூடங்களில் முற்பகல் முதல் கச்சேரி நடக்கும். கலைஞர்கள் பெரிதும் நம்பியிருப்பது கேட்பவர்கள் போடும் பணத்தைத்தான் என்பதால், வாளி நம்மிடம் வரும்போது தாராளமாகப் போட வேண்டும். ஏதென்ஸின் பார்த்தினன் கோயிலை அதே அளவில் கட்டியிருக்கும் பூங்காவும், பெல்வியூ பகுதியின் கணேசர் கோயிலும் அம்மாவுக்காக.

ஆப்ரிக்கு முன்கூட்டியே சீட்டு வாங்க வேண்டும். எந்தச் சனிக்கிழமை தோதாக இருக்கும் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

தங்கள் அன்பு மகள்