எந்த எழுத்து?

பினாங்கு

அன்புள்ள முத்து,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முட்டி வலி என்று சாக்குச் சொல்லலாம், உண்மையில் சோம்பல்தான். பேத்திக்குப் பெயர் தேடி வீட்டில் ஒரே சண்டை என்று எழுதியிருந்தாய். இங்கே பக்கத்து வீட்டிலும் அதே கூத்து.

அந்தச் சீனக் கிழவருக்குப் பேரன் பிறந்திருக்கிறான். நம்மைப் போலவே பிறந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு ஜோசியரிடம் போனார்கள். மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்று அவர்கள் கணக்கில் ஐந்து. பையனுக்கு நீர் குறைவாம். பரிகாரம் என்ன தெரியுமா? பெயரில் வரும் எழுத்தின் இடப்பக்கம் மூன்று சொட்டுத் தண்ணீர் இருக்க வேண்டும். ஆறு, ஏரி, கடல் என்று அவர்கள் எழுதும் எழுத்துகளில் அந்த மூன்று சொட்டு இருக்கிறது. எழுத்திலேயே தண்ணீர் ஊற்றிவிட்டார்கள்!

கிழவரின் குடும்பப் பெயர் ஊய். பிள்ளையைப் பார்க்க ஈப்போவிலிருந்து வந்த நண்பர் வோங். வந்தவரிடம், "எந்த வோங்?" என்று கேட்டார் இவர். அவர் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டினார். 'மஞ்சள்' என்ற எழுத்து. அட, நம்ம ஆள்! சீனத்தின் கிளைமொழிகளான ஹொக்கியனில் ஊய், கண்டனீஸில் வோங், மாண்டரினில் ஹுவாங், எழுத்து ஒன்றுதான். 'அரசன்' என்ற எழுத்தையும் கண்டனீஸில் வோங் என்றுதான் சொல்வார்களாம். அப்படி எழுதியிருந்தால் வேறு குடும்பம். டான், சான், சென் மூன்றும் இதே மாதிரி ஒரே எழுத்து. அந்தக் காலத்தில் ஒரே குடும்பப் பெயருக்குள் பெண் எடுக்க மாட்டார்கள், நம் பங்காளி முறை மாதிரி. காதைப் பொத்திக்கொண்டு கையைப் பார்த்தால்தான் கல்யாணமே நடக்கும் போலிருக்கிறது.

எழுத்தில் பெயர் குடியிருக்கிறது என்பதால்தான் சீனப் பேரரசர்கள் அதைக் கண்டு அப்படிப் பயந்தார்களோ என்னவோ. அரசரின் இயற்பெயரில் உள்ள எழுத்தைக் குடிமக்கள் எழுதக் கூடாது. எழுதியே ஆகவேண்டும் என்றால் வேறு எழுத்தைப் போட வேண்டும், இல்லை கடைசிக் கோடு போடாமல் விட்டுவிட வேண்டும். காங்ஷி பேரரசரின் பெயரில் இருந்த ஓர் எழுத்துக்காகப் பெய்ஜிங் அரண்மனையின் வடக்கு வாசலுக்கே பெயரை மாற்றினார்கள். வாங் ஷிஹோ என்ற அறிஞர், எந்தெந்த எழுத்தைத் தவிர்க்க வேண்டும் என்று மக்களுக்குக் காட்டத் தம் அகராதியில் அரசர்களின் பெயர்களை முழுசாக அச்சிட்டார். பாவம், 1777இல் மரண தண்டனை. விதியைச் சொல்லிக்கொடுக்கப் போய் விதியை மீறிவிட்டார்! ஒரு கோட்டைக் குறைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அன்றைக்குக் கிழவர் என்னிடமும் உள்ளங்கையை நீட்டினார். என் பெயரை எழுதினேன். ஒவ்வோர் எழுத்துக்கும் பொருள் கேட்டார். 'மா'வுக்கு மரம், குதிரை, பெருமை என்று அள்ளி விட்டேன். 'ணி'யில் மாட்டிக்கொண்டேன்.

சரி, தைப்பூசத்துக்கு வருகிறாய் அல்லவா? தண்ணீர்மலைப் படி இனி நமக்கு ஆகாது. கீழே பந்தலில் உட்கார்ந்து பேசலாம். பேத்தியின் பெயர் முடிவானதும் எழுது.

அன்புடன்,
மாணிக்கம்