கடிதத்தைப் பிரிப்பவர் யார் என்று கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் புதிய சமய இயக்கங்களைப் பற்றி வந்த அட்டைப்படக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கயானாவின் ஜோன்ஸ்டவுனில் தொடங்கி கென்யாவின் ஷாகஹோலா வரை, கூட்டம் கூட்டமாகச் சாவு நடந்த இடங்களைப் பற்றிய தகவல்களை உழைத்துத் திரட்டியிருக்கிறார்கள். ஆனால் 'மூளைச்சலவை' என்ற ஒரே சொல்லை வைத்து எல்லாவற்றையும் விளக்கி முடித்துவிட்டார்கள். போதாததற்கு, 'எப்பாடு பட்டாவது பிள்ளைகளை இழுத்து வாருங்கள்' என்று கடைசிப் பத்தியில் பெற்றோருக்கு ஓர் அறிவுரை வேறு. அதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் அப்படித்தான் இழுக்கப் போனார்கள்.

என் அக்கா நான்கு ஆண்டுகள் இப்படி ஒரு குழுவில் இருந்தாள். அதன் பெயர் இங்கே வேண்டாம். அம்மா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்த நேரம். துக்கம் விசாரிக்க வந்தவர்களெல்லாம் திரும்பிப் போயிருந்தார்கள். அப்பா வாயே திறப்பதில்லை. நான் என் வேலையைச் சாக்காக வைத்து வீட்டுக்குத் தாமதமாகவே வருவேன். அப்போதுதான் உடன் வேலை பார்த்த தோழி ஒருத்தி அக்காவைத் தியான வகுப்புக்கு அழைத்துப் போனாள். அங்கே அவளிடம் யாரும் தத்துவம் பேசவில்லை. அம்மாவைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். ஐந்தாறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரு மாலை முழுக்கக் கேட்டார்கள். எங்கள் வீட்டில் ஒருவர்கூடச் செய்யாத காரியம் அது.

மூளைச்சலவை என்ற சொல் கொரியப் போர்க் காலத்தில், 1950 வாக்கில், அமெரிக்கப் பத்திரிகைகளில் புழக்கத்துக்கு வந்தது. சீனச் சிறைகளில் கைதிகளின் மனத்தை மாற்றுகிறார்கள் என்று சொல்ல எழுந்த சொல். சிறைக்கதவும் காவலும் இல்லாத இடத்துக்கு அதை அப்படியே கொண்டுவந்தபோதுதான் சிக்கல். 1987இல் அமெரிக்க உளவியல் சங்கம், இந்தக் குழுக்களின் வசப்படுத்தும் உத்திகளைப் பற்றித் தானே அமைத்த குழுவின் அறிக்கையைப் போதிய அறிவியல் அடிப்படை இல்லை என்று ஏற்க மறுத்தது. பிரிட்டனைச் சேர்ந்த சமூகவியலாளர் ஐலீன் பார்க்கர், கொரியாவைச் சேர்ந்த சன் மியுங் மூன் தொடங்கிய ஒருங்கிணைப்புத் திருச்சபை என்ற புதிய சமய இயக்கத்தை ஆண்டுக்கணக்கில் கூடவே இருந்து ஆராய்ந்தவர். அவர் கண்டது என்ன? அறிமுக முகாமுக்குப் போனவர்களில் சுமார் பத்தில் ஒருவர்தான் சேர்ந்தார். சேர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் இரண்டு ஆண்டுகளுக்குள் தாமாகவே வெளியேறிவிட்டார்கள். மனத்தை வெள்ளையடித்து வைக்கும் வித்தை ஒன்று உண்மையிலேயே இருந்திருந்தால் இத்தனை பேர் எப்படி நடந்து வெளியே வந்திருப்பார்கள்?

அழுத்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அக்காவை விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பினார்கள், சம்பளத்தை முழுதாக வாங்கிக்கொண்டார்கள், எங்களைப் 'பழைய குடும்பம்' என்று சொல்லப் பழக்கினார்கள். ஆனால் அவள் போனதற்கு ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணத்தில் எங்களுக்கும் பங்கு இருந்தது. மூளைச்சலவை என்று சொன்ன மாத்திரத்தில் அது மறைந்துவிடுகிறது. நாங்கள் நல்லவர்கள், அவள் நோயாளி என்றாகிவிடுகிறது.

மாதம் ஒரு கடிதம் அவளிடமிருந்து வரும். ஆறாவதோ ஏழாவதோ வந்தபோதுதான் கவனித்தேன். உறையின் மடிப்பில் பசை இரண்டு அடுக்காக இருந்தது. முதலில் ஒட்டியதன் விளிம்பில் தாள் லேசாகப் பிய்ந்து, அதன் மேலேயே மறுபடி ஒட்டியிருந்தார்கள். அதற்கு முன் வந்த உறைகளையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். எல்லாமே அப்படித்தான். அக்கா எழுதி ஒட்டியதை யாரோ பிரித்துப் படித்துவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். அவள் என்ன நம்புகிறாள் என்று அதுவரை மண்டையை உடைத்துக்கொண்டிருந்த எனக்கு, பயப்பட வேண்டியது எதற்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அமெரிக்க சமயக் குழு ஒன்று குடியேறியிருந்த ஜோன்ஸ்டவுனிலும், எல்லோரும் மாண்ட அந்த நாளுக்கு வெகுநாள் முன்பே கடிதங்கள் தணிக்கைக்கு உள்ளாயின. கடவுச்சீட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கூட்டாக விஷம் குடிப்பதற்கு ஒத்திகைகூட நடந்தது. உறவினர்கள் முறையிட்டதால்தான் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் லியோ ரயன் நேரில் பார்க்க கயானாவுக்குப் போனார். அவரையும் சுட்டுக் கொன்றார்கள். 1978 நவம்பர் 18 அன்று ஒரே நாளில் மாண்டவர்கள் 918 பேர். அவர்களில் 300க்கும் மேற்பட்டோர் சிறுவர்கள், குழந்தைகள். சுற்றிலும் துப்பாக்கி ஏந்தியவர்கள் நின்றார்கள். உங்கள் கட்டுரை இதை 'கூட்டுத் தற்கொலை' என்கிறது. கைக்குழந்தை வாயில் விஷத்தைப் புகட்டுவதற்குப் பெயர் தற்கொலையா, ஐயா?

ஜப்பானின் ஓம் ஷின்ரிக்யோ என்ற சமயக் குழுவும் இப்படித்தான். 1995 மார்ச் 20 டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் என்ற நச்சு வாயுவைப் பரப்பிய பிறகே உலகம் விழித்தது. ஆனால் அந்தக் குழுவில் சேர்ந்தவர்களின் குடும்பங்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் சாகாமோட்டோ, மனைவியோடும் ஒரு வயது மகனோடும் 1989 நவம்பரிலேயே கொல்லப்பட்டுவிட்டார். அந்தச் சடலங்கள் கிடைக்க ஆறு ஆண்டுகள் ஆயின. குடும்பங்கள் கதறிக்கொண்டிருந்தபோது, மத விவகாரம் என்று காவல்துறை தயங்கி நின்றது.

கோட்பாடு விசித்திரமாக இருப்பதை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. வள்ளலார் 1865இல் சன்மார்க்க சங்கத்தைத் தொடங்கியபோது அதுவும் புதிய இயக்கம்தான். அவர் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்ற சண்டை நீதிமன்றம் வரை போனது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றாலும் கூடப் பாடுவதில்லை என்பதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986இல் உச்ச நீதிமன்றம் பிள்ளைகள் பக்கம் நின்றது. பாடாத வாயால் யாருக்கும் ஒரு கேடும் இல்லை.

இனி அந்த 'இழுத்து வாருங்கள்' விஷயம். அப்பாவும் சித்தப்பாவும் நான்கைந்து ஆட்களோடு ஒரு வண்டி பிடித்துப் போனார்கள். வாசலில் கூச்சல், தள்ளுமுள்ளு. மாடி ஜன்னலிலிருந்து அக்கா பார்த்துக்கொண்டிருந்தாளாம். பக்கத்தில் நின்ற பொறுப்பாளர் அவள் தோளில் கை வைத்து, "நாங்கள் சொன்னோமே, பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு எட்டு மாதம் கடிதமே வரவில்லை.

அமெரிக்காவில் 1970களில் இதை ஒரு தொழிலாகவே செய்தார்கள். பெற்றோரிடம் பணம் வாங்கிக்கொண்டு, வயதுவந்த பிள்ளைகளைக் கடத்தி அறையில் அடைத்து, நம்பிக்கையை விடும்வரை விடாமல் வாதாடுவது. 1991இல் அப்படி ஐந்து நாள் அடைபட்ட 18 வயது இளைஞர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். கடத்தியவர்களோடு சேர்த்து, அவர்களைக் கைகாட்டிவிட்ட, இத்தகைய குழுக்களை எதிர்க்கும் அமைப்பும் இழப்பீடு தர வேண்டும் என்று 1995இல் தீர்ப்பாயிற்று. மறு ஆண்டே அந்த அமைப்பு திவாலானது. அரசே செய்தாலும் கதை வேறல்ல. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து வேகோவில் 1993இல், ஒரு சமயக் குழுவின் குடியிருப்பை அரசு முற்றுகையிட்டு 51 நாள் ஆன பிறகு மூண்ட தீயில் 76 பேர் இறந்தார்கள். உலக முடிவில் அரசின் படைகள் தங்கள் மேல் பாயும் என்று போதித்துக்கொண்டிருந்த ஒரு தலைவனின் வாசலுக்கு டாங்கிகளையே அனுப்பிவைத்தார்கள்.

அக்கா திரும்பி வந்தது வேறு விதமாக. பதில் வராத அந்த எட்டு மாதமும் நான் எழுதிக்கொண்டே இருந்தேன். 'வந்துவிடு' என்றோ 'ஏமாந்துவிட்டாய்' என்றோ ஒரு வரிகூட இல்லை. யாரோ பிரித்துப் படிப்பார்கள் என்று தெரியும், படிக்கட்டும். மாடிப்படியில் பூனை குட்டி போட்டது, அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை ஆனது, அவளுடைய அறையை அப்படியே வைத்திருப்பது, இவ்வளவுதான். இதற்கிடையில் குழுவில் அவளுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. புதிதாக வருகிறவர்களின் அருகில் உட்கார்ந்து கேட்கும் வேலை. கேட்டதையெல்லாம் இரவு ஒரு நோட்டில் எழுதிப் பொறுப்பாளரிடம் கொடுக்க வேண்டும்: யார் இறந்தது, வீட்டில் யாரோடு சண்டை, வங்கியில் எவ்வளவு. மூன்றாம் நாள் நோட்டை மூடிவைத்துவிட்டு யோசித்தாளாம். அப்படியானால் அம்மாவைப் பற்றித் தான் அழுது சொன்னதும் ஏதோ ஒரு நோட்டில் இருக்கிறது. மறுநாள் விடிவதற்குள் ஒரு துணிப்பையோடு எங்கள் வாசலில் நின்றாள். வந்து பல மாதம்வரை, தண்ணீர் குடிக்கக்கூட யாரையாவது பார்த்துத் தலையசைப்புக்குக் காத்திருப்பாள்.

இந்தக் கடிதத்தின் முதல் படியை அவளிடம் காட்டினேன். 'அக்கா ஏமாந்தாள்' என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டு 'நம்பினாள்' என்று எழுதினாள்.

நம்பிக்கையைத் தண்டிக்காமலே சட்டம் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஜப்பானின் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே 2022 ஜூலையில் சுடப்பட்ட பிறகுதான், சுட்டவனின் தாய் ஒருங்கிணைப்புத் திருச்சபைக்குச் சுமார் 10 கோடி யென் கொடுத்துக் குடும்பமே நொடித்துப்போன செய்தி ஜப்பானை உலுக்கியது. கொலையை எதுவும் நியாயப்படுத்தாது. ஆனால் அந்த ஆண்டு டிசம்பரிலேயே, அச்சுறுத்தி நன்கொடை பறிப்பதைத் தடுக்கச் சட்டம் வந்தது. 2025 மார்ச்சில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அந்த அமைப்பின் மத நிறுவன அந்தஸ்தைக் கலைக்க உத்தரவிட்டது. நீதிமன்றம் எடைபோட்டது பணம் வாங்கிய விதத்தை. இதை ஏன் முப்பது ஆண்டுக்கு முன்பே செய்யவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

கட்டுரையாளரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பகுதி எழுதுவதாக இருந்தால், குருமார்களின் படத்தைக் குறைத்துக்கொண்டு, வெளியே வந்தவர்களைத் தேடிப் போங்கள். வரவு செலவுக் கணக்கைக் காட்டுகிறார்களா, கடிதத்தை யார் பிரிக்கிறார்கள், நோயாளிக்கு மருத்துவரைப் பார்க்க விடுகிறார்களா, குழந்தைகள் பள்ளிக்குப் போகிறார்களா, விட்டுப் போனவரைப் பற்றி உள்ளே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் அறிவுரையைப் படித்துவிட்டு இந்த வாரமே வண்டி பிடிக்கும் யோசனையில் ஒரு தகப்பனார் இருக்கக்கூடும். அவர் கண்ணில் படும்படி இதை அடுத்த இதழிலேயே வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்