அந்த மாத்திரை வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். முழுவதும் படி. நேரமில்லை என்றால் இந்தப் பத்தியையாவது படித்துவிடு. கட்டிலுக்கு அடியில் ஏதோ மாத்திரை வைத்துக் கதவைச் சாத்திவிட்டால் மறுநாள் ஒரு மூட்டைப்பூச்சி கூட மிஞ்சாதாம், கூட வேலை செய்கிறவர் சொன்னார் என்று போகிற போக்கில் சொன்னாயே, அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. அது தானியக் கிடங்குகளில் போடுகிற அலுமினியம் பாஸ்பைடு. காற்றில் இருக்கிற ஈரம் பட்டாலே போதும், பாஸ்பீன் என்ற வாயு கிளம்பும். கதவிடுக்கு, சுவர் விரிசல், குழாய் போகிற ஓட்டை என்று கிடைத்த வழியில் எல்லாம் அது பக்கத்து அறைக்கும் மேல் வீட்டுக்கும் போகும். ஒரு வீட்டில் மூட்டைப்பூச்சிக்கு வைத்தது, பக்கத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளைக் கொன்றிருக்கிறது. அந்த விஷத்துக்கு முறிமருந்து கிடையாது. வாங்கிவிட்டாய் என்றால் திறக்காதே, தண்ணீரில் போடாதே, குப்பையிலும் எறியாதே. தீயணைப்பு நிலையத்துக்கோ விஷமுறிவு உதவி எண்ணுக்கோ போன் செய்து கேட்டு, அவர்கள் சொல்கிறபடி செய்.

இனி மற்றதைச் சொல்கிறேன்.

வீடியோவில் பேசியபோது உன் கையைப் பார்த்தேன். நீ சட்டைக்கையை இழுத்துவிட்டுக்கொண்டாய். அப்பா கவனிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நீ வீடியோவில் வருவதே இல்லை, "நெட் சரியில்லை" என்கிறாய். சரி, நெட் சரியில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் நான் விடுதிக் காப்பாளராக இருந்தவள் என்பதை நீ மறந்துவிட்டாயா? எத்தனை பிள்ளைகள் இப்படிச் சட்டைக்கையை இழுத்துக்கொண்டு என் அறை வாசலில் நின்றிருப்பார்கள்!

அவர்களில் ஒருவருக்குக்கூட நான் தடிப்பை மட்டும் பார்த்து இது இன்ன பூச்சி என்று சொன்னதில்லை. ஒரே படுக்கையில் இரண்டு பேர் படுப்பார்கள். ஒருத்திக்குக் கையெல்லாம் வீங்கியிருக்கும், இன்னொருத்திக்கு ஒரு புள்ளி கூட இருக்காது. அவளையும் கடித்துத்தான் இருக்கும், அவள் தோல் காட்டிக்கொடுப்பதில்லை. கடித்த தடம் தெரிய இரண்டு வாரம் வரை ஆவதும் உண்டு. வரிசையாக மூன்று தடிப்பு இருந்தால் மூட்டைப்பூச்சிதான் என்று பலரும் அடித்துச் சொல்வார்கள். பல சமயம் அப்படி இருக்கும், எப்போதும் அப்படி இருக்காது. அதனால் நீயும் முதலில் முடிவுக்கு வராதே. எங்கே கடிக்கிறது, எப்போது கடிக்கிறது என்று கவனி.

முழங்காலுக்குக் கீழே, கணுக்காலைச் சுற்றியே கடிக்கிறது என்றால் தெள்ளுப்பூச்சியாக இருக்கலாம். உனக்கு முன்னால் அந்த அறையில் இருந்தவர் பூனை வளர்த்தார் என்று நீதான் சொன்னாய். பூனை போன பிறகும் தெள்ளுப்பூச்சி கூட்டுக்குள் மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும், மனிதர் நடமாடுகிற அதிர்வு கிடைத்ததும் வெளியே வரும். வெள்ளை நிறக் காலுறையை முழங்கால்வரை இழுத்துப் போட்டுக்கொண்டு அறைக்குள் கொஞ்ச நேரம் நட. இருந்தால் கறுப்பாகத் துள்ளி ஏறும், கண்ணுக்குத் தெரியும். மூட்டைப்பூச்சி துள்ளாது, பறக்காது, ஊரத்தான் செய்யும். தெள்ளுப்பூச்சி என்றால் தரையையும் விரிப்பையும் தினமும் வாக்குவம் பிடித்து, அந்தப் பையை உடனே கட்டி வெளியே போட்டுவிடு. பூனை எதுவும் உன்னிடம் இல்லையே? இருந்தால் அதற்கும் சேர்த்து மருந்து போட வேண்டும். நாய்க்கு என்று விற்கிற பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் போடக்கூடாது, அது செத்துப்போகும்.

விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு மடிப்பு, இங்கெல்லாம் அரித்து, ராத்திரியில் அரிப்பு தாங்க முடியாமல் போனால் அது சிரங்காக இருக்கலாம். அந்தப் பூச்சி தோலுக்குள்ளேயே வளை தோண்டுகிறது. கட்டிலுக்கு எத்தனை மருந்து அடித்தாலும் அது போகாது. டாக்டர் தருகிற களிம்பைக் கழுத்திலிருந்து பாதம் வரை பூச வேண்டும், கூட இருப்பவர்களும் அதே நாளில் பூச வேண்டும். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. டாக்டரிடம் போ. ஜன்னலில் புறாக்கூடு இருக்கிறதா என்றும் பார், கூட்டிலிருந்து சின்னஞ்சிறு உண்ணிகள் உள்ளே இறங்கிக் கடிக்கும். கொசுவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தேங்கிய தண்ணீரை வாரம் தவறாமல் கொட்டிவிட்டாலே போதும்.

இதெல்லாம் இல்லை என்றால்தான் மூட்டைப்பூச்சி. அதற்கும் நேரில் ஆதாரம் வேண்டும். ஒரு டார்ச்சை எடுத்துக்கொள், அவசரமே இல்லாமல் தேடு. மெத்தையின் தையல் ஓரம், மூலை மடிப்பு, அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கிற கம்பெனித் துணி. பிறகு கட்டில் சட்டத்தின் இணைப்பு, ஆணி ஓட்டை, தலைமாட்டுப் பலகையின் பின்புறம். அதற்குப் பிறகுதான் சுவரில் ப்ளக் பலகை, திரைச்சீலை மடிப்பு, கட்டிலருகே அடுக்கியிருக்கிற புத்தகங்களின் முதுகு. பெரும்பாலும் நீ படுக்கிற இடத்திலிருந்து இரண்டு மூன்று மீட்டருக்குள்ளேயே இருக்கும். பேனா மை கசிந்த மாதிரி கறுப்புப் புள்ளிகள் இருந்தால் ஈரத்துணியால் தேய்த்துப் பார், பழுப்பாகப் படரும். அது அதன் எச்சம். உரித்துப் போட்ட மெல்லிய தோல் கிடக்கும். முட்டை வெள்ளையாக 1 மில்லிமீட்டர்தான். வளர்ந்தது 5 மில்லிமீட்டர், தட்டையாக ஆப்பிள் விதை போல இருக்கும். பிடிபட்டால் நசுக்காதே. செலோடேப்பில் ஒட்டி ஒரு சின்ன பாட்டிலில் போட்டு வை. மருந்து அடிக்க வருகிறவரிடம் அதைக் காட்டு. என்ன பூச்சி என்று தெரியாமல் மருந்து அடிக்கிறவரை வீட்டுக்குள் விடாதே.

தம்பி, இதை நான் சொல்லியே ஆக வேண்டும். மூட்டைப்பூச்சி அழுக்கான வீட்டில்தான் வரும் என்று நீ நினைத்துக் குமைகிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. அது அழுக்கைத் தேடி வருவதில்லை. நாம் விடுகிற மூச்சையும் உடம்புச் சூட்டையும் தேடி வருகிறது. பெட்டியில் வரும், பழைய சோபாவில் வரும், ரயில் இருக்கையிலிருந்து பையில் ஏறிக்கொண்டு வரும். எங்கள் விடுதியில் அது முதலில் வந்தது மேல்மாடிக் கடைசி அறைக்கு. அந்த மூன்று பிள்ளைகளைப் போலச் சுத்தம் பார்க்கிறவர்கள் அந்தக் கட்டடத்திலேயே இல்லை. அவர்களும் வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை. அவர்கள் சொல்லும்போது மாடி முழுக்கப் பரவியிருந்தது. ஒரு பெண்பூச்சி தன் ஆயுளில் இருநூறுக்கு மேல் முட்டை இடக்கூடியது. வெட்கப்பட்டுக் காத்திருக்கிற ஒவ்வொரு வாரமும் அதற்குத்தான் லாபம். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உன் மேல் வருகிறது, ஏனென்றால் உனக்கு என்னிடம் கேட்க வழி இருந்தது.

கோபத்தை விடு. மூட்டைப்பூச்சி மனிதருக்கு நோய் பரப்பியதாக இதுவரை நிரூபணம் இல்லை. அரிப்பு உண்டு, சொறிந்தால் புண் ஆகும், தூக்கம் போகும். அவ்வளவுதான். அதனால் உயிர் போவது அரிதிலும் அரிது. தூக்கம் போன வெறுப்பில் கையில் கிடைத்ததைத் தெளிக்கிறார்களே, அதில்தான் சாவு. பெரியத்தை வீட்டில் மண்ணெண்ணெய் ஊற்றினார்களே, அன்று என்ன ஆனது என்று உனக்குத் தெரியும். ஸ்பிரிட்டும் அப்படித்தான், தெளித்த ஈரம் காயுமுன் ஒரு பொறி போதும். பூச்சிப் புகை டப்பாவைத் திறந்து வைக்காதே. அந்தப் புகை இடுக்குக்குள் போவதில்லை, பூச்சிகள் இன்னும் உள்ளே ஒதுங்கிக்கொள்ளும். மாத்திரையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட்டேன். மறுபடியும் சொல்கிறேன், வேண்டாம்.

கடையில் விற்கிற ஸ்ப்ரேக்களும் பாதிக்கு மேல் வீண். டிடிடி என்ற பூச்சிமருந்து வந்து சில வருடங்களிலேயே, 1940களின் பிற்பகுதியில், அதற்குச் சாகாத மூட்டைப்பூச்சிகளைப் பார்த்துவிட்டார்கள். இப்போது வீட்டு ஸ்ப்ரேக்களில் இருக்கிற பைரித்ராய்டு மருந்துகளுக்கும் அவற்றில் பெரும்பாலானவை பழகிவிட்டன. சூட்டுக்கு அவை பழகிவிடவில்லை.

அதனால் சூட்டை வைத்து ஆரம்பி. படுக்கை விரிப்பு, தலையணை உறை, துணிமணி எல்லாவற்றையும் படுக்கையருகிலேயே பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டிக் கொண்டுபோ, அறை முழுக்க உதறிக்கொண்டு போகாதே. 60 டிகிரி வெந்நீரில் துவை. உலர்த்தும் இயந்திரம் இருந்தால் அதிகச் சூட்டில் அரை மணி நேரம் ஓடவிடு, துவைக்கக் கூடாத துணிக்கு அதுவே போதும். வெயிலில் மெத்தையைப் போட்டு வைத்தால் செத்துவிடும் என்பார்கள். நம்பாதே, அது நிழல் பக்கம் நகர்ந்து பிழைத்துக்கொள்ளும். சுத்தமான துணியைப் புதிய பையில் கட்டி வை, பழைய பையை மறுபடி உபயோகிக்காதே.

கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போடு. போர்வை தரையைத் தொடக்கூடாது. நான்கு கால்களுக்கும் அடியில் பூச்சி ஏற முடியாத வழவழப்பான கிண்ணம் வை, அதில் எத்தனை விழுகிறது என்பதிலிருந்து கூடுகிறதா குறைகிறதா என்று தெரிந்துவிடும். மெத்தை முழுவதையும் மூடுகிற ஜிப் வைத்த உறை கிடைக்கும். போட்டால் ஒரு வருடம் கழற்றாதே, உள்ளே அடைபட்டது மாதக்கணக்கில் பட்டினி கிடந்து உயிரோடு இருக்கும். அறையைப் பூட்டிவிட்டு நண்பன் வீட்டில் ஒரு மாதம் இருந்தால் தானாக ஒழிந்துவிடும் என்றும் நினைக்காதே. அது நடக்காது, நண்பன் வீட்டுக்கும் கொண்டுபோவாய். கடிக்கிறதே என்று சோபாவில் போய்ப் படுக்கவும் கூடாது. அது உன்னைத் தேடிச் சோபாவுக்கும் வரும், பிறகு இரண்டு இடத்தில் தேட வேண்டும்.

வீட்டுக்காரரிடம் சொல். நாளைக்கே சொல். சொன்னால் காலி செய்யச் சொல்வாரோ என்று பயப்படுகிறாய், எனக்குத் தெரியும். ஆனால் பக்கத்து அறைகளையும் சேர்த்துப் பார்க்காமல் உன் அறையை மட்டும் சுத்தம் செய்தால் சுவர் வழியாகத் திரும்பி வந்துவிடும். முறையாக உரிமம் வைத்திருக்கிறவரை வரச் சொல்லுங்கள். ஒரு தடவை அடித்துவிட்டு முடிந்தது என்று சொல்கிறவரை நம்பாதே. முட்டைக்கு மருந்து சரியாக ஏறுவதில்லை, அது பொரிய ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அதனால் இரண்டு வாரம் கழித்து மறுபடி வர வேண்டும், சில சமயம் மூன்றாவது முறையும். அவர் அடிக்கிற மருந்தின் பெயரைக் கேட்டு எழுதி வாங்கு. பதில் சொல்லத் தயங்கினால் அனுப்பிவிடு. உன்னால் இதை ஒழுங்காகச் செய்ய முடியும். பத்து வயதிலேயே அப்பாவின் கருவிப் பெட்டியைக் கொட்டி அடுக்கிவைத்த பிள்ளை நீ. அந்தப் பொறுமையை இதில் காட்டு.

அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தபோது நீ வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றாய். அப்பா அப்படியே நம்பினார், எல்லோரிடமும் அதையே சொன்னார். நான் அப்போது ஒன்றும் பேசவில்லை. உன் கையைப் பார்த்த பிறகுதான், இந்தப் பிள்ளை பூச்சியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவோமோ என்று பயந்து வராமல் இருக்கிறானோ என்று தோன்றியது. அக்காவின் குழந்தை தவழ்கிற தரை ஆயிற்றே என்று நினைத்திருப்பாய். நீ அப்படி நினைக்கிற பிள்ளைதான். வேறு ஏதாவது காரணம் இருந்தால் அதை நீயாகச் சொல்லும்போது கேட்டுக்கொள்கிறேன். இதுதான் காரணம் என்றால், இது ஒரு காரணமே இல்லை.

வருகிற அன்று துவைத்துச் சூட்டில் உலர்த்திய துணியாக எடுத்துக் கட்டிய பையில் வை. பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம், வெளியிலேயே பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிடலாம். வாசல் பக்கக் குளியலறையில் வெந்நீர் தயாராக இருக்கும். போட்டிருக்கிற துணி நேராக அதில் போகும். லேப்டாப் பையை மட்டும் நானே டார்ச் அடித்துப் பார்க்கிறேன். ஒரு மணி நேர வேலை, விடுதியில் லீவு முடிந்து பிள்ளைகள் வரும்போதெல்லாம் செய்ததுதான். அக்காவிடம் சொல்லியாயிற்று, அவள் "வரச் சொல்லும்மா" என்றாள். அப்பாவிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதை உன் விருப்பத்துக்கு விடுகிறேன்.

இந்த வாரத்துக்குள் கட்டிலைப் பார்த்துவிட்டு என்ன கிடைத்தது என்று எழுது. போட்டோ எடுத்து அனுப்பினாலும் சரி. ஒன்றும் கிடைக்காவிட்டாலும் கிடைக்கவில்லை என்று எழுது, நான் வேறு எங்கே தேட வேண்டும் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா