‘கையேந்தி பவன்’ என்றால் இளக்காரமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலூர், புதுச்சேரி சாலையோர உணவுக் கடைகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சுகாதாரம் பற்றிச் சொன்னதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. ஆனால் கட்டுரை முழுக்க ‘கையேந்தி பவன்’ என்ற பெயரை அழுக்குக் கடை என்ற பொருளிலேயே போட்டிருக்கிறார் கட்டுரையாளர். அங்கேதான் இடிக்கிறது.

நான் மருந்து விற்பனைப் பிரதிநிதி. கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி, புதுச்சேரி என்று பையைத் தூக்கிக்கொண்டு அலைகிற வேலை. மதியச் சாப்பாடு எந்த ஊரில் என்று காலையில் சொல்ல முடியாது. அதனால் இந்தக் கடைகளும் சரி, அவற்றுக்கு ஜனங்கள் வைத்திருக்கும் பெயர்களும் சரி, எனக்கு அத்துப்படி.

கையேந்தி பவன் என்பது அங்கே சாப்பிடுகிறவர்கள் தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொள்ளும் பெயர். உட்கார இடம் கிடையாது, தட்டைக் கையில் ஏந்தி நின்றபடிதான் சாப்பிட வேண்டும். இருந்தாலும் பெரிய சைவ ஓட்டல் மாதிரி நம்ம கடைக்கும் ஒரு ‘பவன்’ இருந்துவிட்டுப் போகட்டுமே என்ற குசும்பு. இட்லிக்குக் காத்திருக்கிறவர் சொன்னால் சிரிப்பு வரும். அந்தப் பக்கமே போகாதவர் தலைப்பில் போட்டால் வசவாகிவிடுகிறது.

நிஜமாகவே மட்டமான கடைக்கு வேறு பெயர்கள் இருக்கின்றன. டப்பா ஓட்டல் என்பார்கள், மொக்கைக் கடை என்பார்கள். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வயிறு உப்பிக்கொண்டால் ‘சோடா உப்புச் சோறுப்பா’ என்று வாசலிலேயே சொல்லி நாலு பேரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ‘காக்கா பிரியாணி’ மட்டும் அநியாயம். சினிமா காமெடி ஒன்றில் வந்ததிலிருந்து, ஒழுங்காகக் கோழி வாங்கிப் போடுகிறவர் விலையைக் குறைத்து விற்றாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்கிறது. மற்றபடி பெயர்ப் பலகையே இல்லாத கடைக்கு ஆயா கடை, அக்கா கடை, பாய் கடை என்று உறவு சொல்லிப் பெயர் விழுந்திருந்தால் தைரியமாகப் போகலாம். பழகியவர்கள் கொடுத்த சான்றிதழ் அது.

சரி, அழுக்குக்கு வருவோம். திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு தள்ளுவண்டியில் கணவனும் மனைவியுமாக இட்லி விற்கிறார்கள். சட்னி அப்போது அரைத்தது, இட்லி அப்போது இறக்கியது. ஆனால் தட்டின் மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து, அதில்தான் ஆவி பறக்கும் இட்லியை வைக்கிறார்கள். “இது ஆகாதும்மா” என்றேன். வண்டிக்கு அடியில் இருந்த இரண்டு குடங்களைக் காட்டினார் அந்த அம்மா. “குடிக்கவே இதுதான் சார். தட்டு கழுவ எங்கே போறது?” இலை போடலாம்தான், முகூர்த்த நாளில் வாழையிலை விலை அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பொருள்களில் இந்த விரிப்புத் தாளும் உண்டு. அதிகாரிகள் வந்தால் தாளை அள்ளிக்கொண்டு அபராதம் போடலாம். மறுநாள் ஒரே வாளித் தண்ணீரில் எல்லாத் தட்டையும் முக்கி எடுப்பார்கள், அது இன்னும் மோசம்.

எண்ணெய் விஷயமும் இப்படித்தான். பெரிய ஓட்டல்களில் திரும்பத் திரும்பப் பொரித்துக் கறுத்த எண்ணெய், மலிவு விலைக்குச் சின்னக் கடைகளுக்குக் கைமாறுவது ஊரறிந்த சங்கதி. திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெய் சிதைந்து உண்டாகும் துருவச் சேர்மங்கள் (polar compounds) 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை 1 முதல் விதி இருக்கிறது. கட்டுரையாளர் பஜ்ஜிக் கடை வாணலியைப் பார்த்தார், அந்த எண்ணெய் எந்தச் சமையலறையிலிருந்து கிளம்பியது என்று கேட்கவில்லை.

வடையைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுப்பதை அவர் கண்டித்தது சரியே. அச்சு மை உணவில் ஒட்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே எச்சரித்தது. (அப்படி மடிக்கிற தாளில் தங்கள் இதழும் இருக்கும் என்பதால் இதைக் கொஞ்சம் பெரிய எழுத்திலேயே போடலாம்.)

இதே வேகத்தில் சென்னை நெடுஞ்சாலை மோட்டல்களைப் பற்றியும் அவர் எழுதியிருக்கலாம். பேருந்து நிற்கிற இடத்தில்தான் சாப்பிட வேண்டும், வேறு வழியில்லை. ஆறிப்போன தோசை, தண்ணீர் மாதிரி சாம்பார், விலையோ இரட்டிப்பு. அங்கேயும் டோக்கனைக் கொடுத்துவிட்டுத் தட்டை ஏந்தித்தான் நிற்கிறோம். அதை யாரும் கையேந்தி பவன் என்பதில்லை.

புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனைக்கு வெளியே மதியம் ஒருமுறை கட்டுரையாளரை நின்று பார்க்கச் சொல்லுங்கள். விழுப்புரம், கடலூர் கிராமங்களிலிருந்து நோயாளியோடு வந்தவர்கள் வார்டிலிருந்து இறங்கி வந்து, கையில் இருப்பதை எண்ணிப் பார்த்துத்தான் தட்டு வாங்குகிறார்கள். வண்டிகளை அப்புறப்படுத்திவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள்?

2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி ஒவ்வொரு ஊரிலும் சாலையோரக் கடைகளின் விவகாரங்களைக் கவனிக்கும் நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும், அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு விதிகள் 2011-ல் நடைமுறைக்கு வந்தபோது, ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்க்குள் வியாபாரம் செய்கிற கடைக்கு 100 ரூபாயில் பதிவு என்று வைத்தார்கள். ஆக, இவர்களை ஒழுங்குபடுத்தச் சட்டத்தில் வழி இருக்கிறது.

கடலூர் மாநகராட்சியும் புதுச்சேரி, உழவர்கரை நகராட்சிகளும் வண்டிகள் கூடுகிற இடங்களில் தண்ணீர்க் குழாயும் கழிவுநீர் போக ஒரு தொட்டியும் அமைத்துத் தர வேண்டும். பிளாஸ்டிக் தாளுக்கு அபராதம் போடுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளட்டும். இதை வலியுறுத்தித் தங்கள் இதழ் ஒரு தலையங்கம் எழுதினால், நின்றபடி சாப்பிடுகிற எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.