செயலாளர் ஆண்டறிக்கை: சங்கத்துக்குப் பேருந்து வந்த விவரம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

விளையாட்டுப் போட்டி, மருத்துவ முகாம், ஆண்டு விழா எல்லாம் வழக்கம்போல் நடந்தன. மலரில் படங்களோடு வந்துவிட்டதால் இங்கே விவரிக்கவில்லை. இந்த ஆண்டை விழுங்கியது பேருந்துதான்.

சென்ற பொதுக்குழு முடிவுப்படி ஜப்பானிலிருந்து பழைய டொயோட்டா கோஸ்டர் சிற்றுந்து ஒன்றை வரவழைத்தோம். வேறு நாடுகளில் இன்னும் மலிவாகக் கிடைத்தது உண்மை. ஆனால் சாலையில் வலதுபக்கம் செல்லும் நாட்டுப் பேருந்துக்குக் கதவும் வலதுபக்கம் இருக்கும். இங்கே அதிலிருந்து இறங்கும் பெரியவர் நடுச்சாலையில்தான் கால் வைக்க வேண்டும். ஜப்பானில் நம்மைப் போலவே இடதுபக்கம் செல்கிறார்கள்.

எத்தனை ஆண்டு பழைய வண்டி வரலாம், புகை விதி என்ன என்பதற்குப் பதிவு அலுவலகத்தின் பதில் எழுத்தில் வரும்வரை முன்பணம் அனுப்பக் கூடாது என்று துணைத்தலைவர் பிடிவாதமாக நின்றார். நல்ல வண்டி கைவிட்டுப் போகிறதே என்று சிலர் முணுமுணுத்தார்கள். அவர் செய்ததே சரி. கப்பல் ஏறிய பிறகு அனுமதி மறுத்தால் வண்டியும் பணமும் இரண்டுமே போச்சு.

முதலில் பார்த்த வண்டி படத்தில் பளபளவென்று இருந்தது. விற்பவருக்குச் சம்பந்தமில்லாத பரிசோதகரை வைத்து அடிப்பக்கத்தைப் படமெடுக்கச் சொன்னோம். பின்பக்கப் பட்டை வில் சேஸிஸோடு (வண்டியின் அடிச்சட்டத்தோடு) சேரும் இடத்தில் துரு அடையடையாக உரிந்து கிடந்தது. பனிப்பிரதேசச் சாலைகளில் தூவும் உப்பின் வேலை. அதை விட்டுவிட்டு, பனி குறைந்த பகுதியில் ஓடிய வண்டியை எடுத்தோம். பரிசோதனைக் கட்டணம் வீண் செலவு என்று இனி யாரும் சொல்ல மாட்டார்கள் என நம்புகிறேன்.

ரோரோ கப்பலில், அதாவது வண்டிகளை ஓட்டியே ஏற்றி இறக்கும் கப்பலில், கட்டணம் கன மீட்டர் கணக்கில். நீளம், அகலம், உயரம் மூன்றையும் துருத்திக்கொண்டிருக்கும் முனைவரை அளப்பார்கள். கூரைமேல் இருந்த சாமான் கம்பிகளைக் கழற்றி அனுப்பச் சொன்னதில் கணிசமாக மிச்சமானது. வண்டி விலை, கப்பல் கட்டணம், காப்பீடு மூன்றையும் கூட்டித்தான் சுங்க வரி போட்டார்கள். வண்டி விலையை மட்டும் பார்த்து நன்கொடைக் கணக்குப் போட்டவர்கள் இதைக் கவனிக்கவும்.

பில் ஆஃப் லேடிங் எனும் கப்பல் சரக்கு ரசீதின் மூலப்பிரதி, ஜப்பானில் பதிவை ரத்துசெய்த ஏற்றுமதிச் சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு எல்லாம் கப்பலுக்கு முன்பே கைக்கு வந்துவிட்டன. சிக்கல் சேஸிஸ் எண்ணில், அதாவது அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் வண்டியின் அடையாள எண்ணில் வந்தது. ஜப்பான் உள்நாட்டு விற்பனை வண்டிகளுக்கு அந்த எண் குட்டையாக இருக்கும்; பதிவு அலுவலகக் கணினியோ 17 இலக்கம் கேட்டது. எழுத்தர் “மீதி எங்கே?” என்று எங்களையே கேட்டார்! எண்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்த பிரதியையும் பரிசோதனைச் சான்றிதழையும் கொடுத்த பிறகு மேலதிகாரி ஒப்புக்கொண்டார். அதுவரை துறைமுக வாடகை ஓடிக்கொண்டிருந்தது.

ரேடியோவில் பாட்டு வரவில்லை என்ற புகார்களுக்கு ஒரே பதில்: ஜப்பானில் எஃப்.எம். 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 90-களிலேயே முடிந்துவிடும்; அதற்கு மேல் உள்ள நம் நிலையங்களை அந்த ரேடியோ பிடிக்காது. ரேடியோவை மாற்ற இப்போது நிதி இல்லை.

உதிரிபாகங்களை மாடல் பெயரைச் சொல்லி வாங்காமல் சேஸிஸ் எண்ணைக் கொடுத்தே வாங்க வேண்டும் என்று பராமரிப்புக் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். ஓட்டுநர் நியமனமும் வெளியாருக்கு வாடகைக்கு விடுவதும் இன்றைய தீர்மானங்களில் உள்ளன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்