அம்மாவின் கண்ணைக் காத்தவர்களுக்கு நன்றி மடல்

டாக்டருக்கும், தாதியருக்கும், எங்கள் பட்டர்வொர்த் பிளாட் மக்களுக்கும் வணக்கம்.

அம்மாவின் வலது கண் ஆறிவிட்டது. போன வாரம் மஞ்சள் சாயம் விட்டு நீல விளக்கில் பார்த்த டாக்டர், "பச்சையே தெரியலை ஆன்ட்டி" என்றார். புண் இருந்தால் அந்த இடம் பச்சையாக மின்னுமாம்.

கண்புரை அறுவைக்குப் பிறகு கருவிழியில் வந்த புண். கிருமி சீக்கிரமே அடங்கியது, புண்தான் மூடவில்லை. பல வருட இனிப்பு நீர் (நீரிழிவு) கருவிழி நரம்புகளை மழுங்கடித்திருந்தது. பஞ்சு நுனியால் தொட்டால்கூட அம்மாவுக்குத் தெரியவில்லை. "வலிக்கலையே, அப்புறம் என்ன?" என்பார். வலிக்காததுதான் ஆபத்து என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். உணர்ச்சி போனால் கண் சிமிட்டுவது குறையும், கண்ணீர் குறையும், மேல்தோல் வளராது. சொட்டு மருந்து கெடாமலிருக்கச் சேர்க்கும் ரசாயனமும் புண்ணை ஆறவிடாது என்று இருந்த மருந்துகளில் பாதியை நிறுத்தினார். மருந்தைக் கூட்டினால்தான் நமக்குத் திருப்தி. குறைக்கும் டாக்டருக்குத் துணிச்சல் வேண்டும்.

அப்புறம் அம்மாவின் ரத்தத்திலிருந்தே சொட்டு மருந்து. ரத்தத்தை உறையவிட்டு, இயந்திரத்தில் சுழற்றி, மேலே தெளியும் சீரத்தை உப்புநீரில் 20 சதவீதமாகக் கலந்து சின்னப் புட்டிகளில் தந்தார்கள். கண்ணீரில் உள்ள வளர்ச்சிப் பொருள்கள் அதிலும் உண்டாம். "ரத்தத்தையா கண்ணுல விடுறது?" என்று அம்மா மிரண்டபோது, "உங்க ரத்தம்தான் ஆன்ட்டி, கடன் வாங்கலை" என்று சொல்லிக்கொண்டே, லேசில் பிடிபடாத நரம்பில் ஒரே குத்தில் ரத்தம் எடுத்த தாதிக்குத் தனி நன்றி.

புட்டிகளை உறையவைத்துக் காக்க வேண்டும். பினாங்குத் தீவிலிருந்து ஃபெரியில் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டேன், வீட்டு ஃபிரிட்ஜுக்கோ அந்தக் குளிர் கிடையாது. கீழ்வீட்டுச் சீன ஆன்ட்டி தன் மீன் ஃபிரீசரில் ஒரு தட்டையே காலி செய்து கொடுத்தார். பேரப்பிள்ளைகள் ஐஸ்கிரீம் என்று எடுத்துவிடாதபடி கண் படம் வேறு வரைந்து ஒட்டினார்! எனக்குப் பக்கத்து ஊரான பிறையில் ஃபேக்டரி வேலை. நான் ஷிப்டுக்குப் போன நேரமெல்லாம் எதிர்வீட்டு அக்கா அடுப்பில் குழம்பு கொதித்தாலும் இறக்கிவைத்து, சோப்புப் போட்டுக் கைகழுவி வந்து சொட்டு விட்டார். ஆறாவிட்டால் இமையோரத்தைத் தைக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது தேவைப்படவில்லை, அக்கா.

கருவிழியில் தழும்பு இருக்கிறது, பார்வை சற்று மங்கல்தான். உணர்ச்சியும் திரும்பவில்லை என்பதால் பரிசோதனைக்குப் போய்க்கொண்டே இருப்போம். தீபாவளிக்கு எல்லாரும் கட்டாயம் வீட்டுக்கு வரவேண்டும். முறுக்கு தானே சுடுவதாக அம்மா சொல்கிறார். எண்ணெய்ச் சட்டிப் பக்கம் நான் விடப்போவதில்லை, அதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.